மூன்றரை மணி வானம்

கதவிலிருந்து நடுக் கம்பி வரைக்கும் பதினோரு அடி. விளக்கெல்லாம் எரிகிறபோதே எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். எண்ணாமல் வந்துவிட்டால், வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று பஸ் ஏறின பிறகு தோன்றுமே, அந்த மாதிரி ஒரு அரிப்பு. ஏழு, எட்டு. வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் ஏசிக் காற்றுக்கே அப்பாடா என்கிறார்கள். பாதிப் பேர் வானம் பார்க்கவா வருகிறார்கள், ஏசிக்குத்தான் வருகிறார்கள், வரட்டும். பத்து, பதினொன்று. கை கம்பியைத் தொட்டுவிட்டது. இந்தக் கம்பி ஒரு வட்டம். நடுவில் இரண்டு உருண்டைத் தலையோடு வான இயந்திரம் நிற்கிறது, அதன்மேல் யாரும் கை வைக்காமலிருக்கப் போட்ட வேலி. வட்டத்துக்கு மூலை கிடையாது. சதுரமாகப் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும். மூன்றரை மணிக் காட்சிக்கு நாற்பது நர்சிங் காலேஜ் பெண்கள், எல்லோரும் நீலச் சுடிதாரில், இரண்டு குடும்பங்கள், கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு புது இயக்குநர் ரகோத்தமன். வந்து மூன்று வாரம் ஆகிறது. "இன்னிக்கு உங்க ஷோவுக்கு வரேன் மேடம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார், சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது போதாதென்று இன்னொரு காரியமும் பண்ணியிருக்கிறார். கதவுக்கு மேலே 'வெளியே' என்று பச்சையாக எரியும் பெட்டி விளக்கின்மேல் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டார், அந்த வெளிச்சம் வானத்தைக் கெடுக்கிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் விளக்கு இருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு கறுப்பு. அந்தப் பச்சைப் பெட்டிதான் என் தென்திசை. அதை வைத்துத்தான் எனக்கு மற்ற மூன்று திசையும். ஏனென்றால் எனக்கு இருட்டில் கண் தெரியாது. சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன். தமயந்தி, வயது நாற்பத்தாறு, இந்தக் கோளரங்கத்தில் பதினாலு வருஷமாகத் தமிழ் விளக்கவுரை சொல்கிறவள், இருட்டில் நின்று ஊருக்கெல்லாம் நட்சத்திரம் காட்டுகிறவள், எனக்கு மாலைக்கண். இது இங்கே யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியக்கூடாது. முப்பத்தைந்து நிமிஷம்தான், சமாளித்துவிடு, தமயந்தி.

சுவரோரமாக இருக்கும் மேஜையில் பொன்னுரங்கம் உட்கார்ந்துவிட்டார். இயந்திரத்தை இயக்குகிறவர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, காட்சி நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டார், தும்மல் வந்தால்கூட வேட்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இருட்டிலேயே குமிழ்களை விரலால் தடவித் திருகுகிறவர். விளக்குகள் ஒவ்வொன்றாகத் தணிகின்றன. மேற்கில் ஆரஞ்சு நிறத்தில் அஸ்தமனம். இந்த அஸ்தமனம் முடிகிறவரை நானும் எல்லோரையும் போல ஒருத்திதான். அந்த ஆரஞ்சு எந்தப் பக்கம் சாய்கிறதோ அது மேற்கு, என் இடது தோள் அதற்கு நேர், அப்படியானால் முகம் வடக்கே, முதுகுக்குப் பின்னால் தெற்கு. காலை அசைக்காதே. இன்றைக்குச் செய்யவேண்டியதெல்லாம் அவ்வளவுதான், காலை அசைக்காதே. வழக்கமாகப் பேசிக்கொண்டே கம்பியைப் பிடித்து ஒரு சுற்று வருவேன், பச்சைப் பெட்டி கண்ணில் பட்டதும் நின்று திசையைச் சரிபார்த்துக்கொள்வேன். இன்றைக்கு நடை கிடையாது. "வணக்கம். நம்ம ஊர்ல இப்ப சாயங்காலம் ஆறே முக்கால். சூரியன் மறைஞ்சுட்டு இருக்கு. முதல்ல யார் வர்றாங்கன்னு பாருங்க." மேற்கே வெள்ளி. கூரையில் அம்பு மாதிரி வெளிச்சம் போடும் டார்ச்சைத் தூக்குகிறேன், இடது பக்கம், தரையிலிருந்து இரண்டு கை உயரம். அம்பு மட்டும் எனக்குச் சன்னமாகத் தெரியும், நேரே கண்ணுக்கு முன்னால் இருந்தால். அது எதைக் காட்டுகிறது என்பது தெரியாது. ஆங், என்கிறார்கள் பெண்கள். நல்லது. ஒன்று தாண்டியாயிற்று. ஆரஞ்சு மங்கலாகிறது, சாம்பலாகிறது, பிறகு இல்லை. மற்றவர்களுக்கு இந்த நொடியில்தான் வானம் திறக்கும். எனக்கு யாரோ போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து மூடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்தான் மூடுகிறார்கள், ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கும் இருந்தது இது. அப்பா ஆறு மணிக்கு மேல் வீட்டைவிட்டு இறங்கியதே கிடையாது. சீட்டாட்டம் கிடையாது, இரண்டாம் ஆட்டம் சினிமா கிடையாது, தெருவே அவரை ஒழுக்கமான மனுஷன் என்று கொண்டாடியது. அவரும் அந்தப் பேரை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். செத்துப்போகிறவரை ஒழுக்கமானவராகவே இருந்தார். என்னைப் பார்த்த கண் டாக்டர் தன் இரண்டு கையையும் குழல் மாதிரி மடித்துத் தன் கண்ணில் வைத்துக் காட்டினார், "இப்படித்தாம்மா தெரியும். பகல்ல சமாளிக்கலாம். போகப்போக இன்னும் சுருங்கும்." மருந்து என்று கேட்டேன். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். எத்திராஜிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். "ஆபீஸ்ல சொல்லிடு தமா, வேற வேலை ஏதாவது குடுப்பாங்க" என்றார். என்ன வேறு வேலை? டிக்கெட் கிழிப்பதா? நான் வானத்தைச் சொல்கிறவள்.

என் கண்ணிலிருந்து முதலில் போனது புதன். புதன் எப்போதும் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற பயல், அவன் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கார்த்திகைக் கொத்து ஒரு புகைமாதிரி ஆகி அதுவும் போயிற்று. பிறகு சனி, அடுத்த வருஷம் செவ்வாய், பிறகு வியாழன், எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளி. வெள்ளி போய் ஐந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குக்கர் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே விசிலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். "கிரேக்கர்கள் இந்தக் கோள்களுக்கு முதல்ல சாமி பேர் வைக்கல" என்று என் குரல் மைக்கில் போய்க்கொண்டிருக்கிறது, பாடம் அது, நான் இல்லாமலேகூடப் போகும். "வானத்துல எல்லாம் அதது எடத்துல நிக்குது, இந்த அஞ்சு மட்டும் நகருது. அலையறவங்கன்னு பேர் வச்சாங்க, பிளானெட்டஸ். நாம பிளானெட்டுன்னு சொல்றது அதுலேர்ந்து வந்ததுதான். அப்புறம் ஒவ்வொண்ணையும் வெறுங்கண்ணால பாத்து, எப்படித் தெரிஞ்சுதோ அப்படியே கூப்பிட்டாங்க. புதன் மினுக்மினுக்னு இருந்துது, ஸ்டில்பான், மினுங்கறவன். வியாழன், ஃபேத்தோன், ஒளி வீசறவன். சனி, ஃபைனோன், தெரியறவன்." தெரிகிறவன். எப்பேர்ப்பட்ட பேர். ஒருவன் செய்யவேண்டியதெல்லாம் தெரிவதுதான் என்பது மாதிரி. "வெள்ளிக்கு ரெண்டு பேர். காலையில வந்தா ஃபாஸ்ஃபோரஸ், வெளிச்சம் கொண்டாறவன். சாயங்காலம் வந்தா ஹெஸ்பெரஸ். ரெண்டும் ஒரே ஆளுதான்னு அவங்களுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆச்சு." சிரிக்கிறார்கள். இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். நாமும்தான் வெள்ளி என்றும் செவ்வாய் என்றும் நிறத்தைப் பார்த்து வைத்தோம், அதையும் சொல்வேன். பிறகு பாபிலோன்காரர்கள் கோளுக்கு ஒரு சாமி என்று வைத்திருந்ததைப் பார்த்து கிரேக்கர்களும் தங்கள் சாமி பேரைப் போட்டுக்கொண்டார்கள்: ஹெர்மஸின் நட்சத்திரம், ஏரிஸின் நட்சத்திரம், ஜீயஸின் நட்சத்திரம். அதற்குக் கண் வேண்டாம். சாமி பேரை யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பழைய பேர்களுக்குத்தான் பார்த்திருக்க வேண்டும். நான் அந்தப் பழைய பேர்களைச் சொல்லிப் பிழைக்கிறேன். ரகோத்தமன் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, "கிரேக்கப் பேரெல்லாம் எதுக்கு மேடம், செவ்வாய், வியாழன்னு காட்டிட்டுப் போங்களேன்" என்றார். மாணவர்களுக்குப் பிடிக்கும் சார் என்றேன். பொய். முதல் வருஷம் இந்தப் பேர்க்கதை ஒரு நிமிஷம்தான் இருந்தது. புதன் போனதும் இரண்டு நிமிஷம் ஆயிற்று, சனி போனதும் ஐந்து, இப்போது பன்னிரண்டு. பேசுகிறவரை காட்டவேண்டியதில்லையே. கண் சுருங்கச் சுருங்க என் வாய் நீண்டது, அதுதான் நிஜம்.

"மேடம்." பின்னாலிருந்து குரல். ரகோத்தமன். "மைக்ல சரியாக் கேக்கல, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க." திரும்பிவிட்டேன். பெரியவர் கூப்பிட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும் என்று வளர்த்த உடம்பு, கேட்காமலே திரும்பிவிட்டது. "சரிங்க சார்" என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கால் நினைவு வருகிறது. எவ்வளவு திரும்பினேன்? பாதியா, பாதிக்கும் மேலேயா? ஒரு அடி எடுத்து வைத்த மாதிரியும் இருக்கிறது. கம்பியைப் பிடிக்கிறேன், கம்பி எல்லாப் பக்கமும் ஒரே கம்பியாக இருக்கிறது. குரல் வந்த திசையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா? கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்த கூரை, எங்கே பேசினாலும் தலைக்கு மேலேயிருந்து வருகிறது. ஏசி எந்தப் பக்கம் அடிக்கிறது? இரண்டு பக்கமும் அடிக்கிறது. அந்தப் பச்சைப் பெட்டி, ஒரு நொடி, யாராவது அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்களேன். தெற்கு எங்கேயோ இருக்கிறது. இந்தக் கூடத்துக்குள்தான் இருக்கிறது, எனக்கும் சுவருக்கும் நடுவில், ஆனால் எங்கே? அடுத்தது செவ்வாய். காலையில் பொன்னுரங்கம் வழக்கம்போலத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார், செவ்வாய் தென்கிழக்கு, மூணு கை உயரம். பத்து மணிக்கு விளக்குப் போட்டு, ஆளில்லாத கூடத்தில் நின்று, பச்சைப் பெட்டியிலிருந்து இடது பக்கம் எவ்வளவு என்று கையால் நாலு தடவை பழகினேன். நட்சத்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. துருவ நட்சத்திரம் போன வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு தடவை கையில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் போதும். இந்த அலைகிறவர்கள்தான் நாளைக்கு ஒரு இடம். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பழகவேண்டும். இதெல்லாம் இப்போது எதற்கு, தென்கிழக்கு எங்கே என்று யோசி. பேசு, பேசிக்கொண்டே யோசி. "செய்ரியோஸ்னு ஒரு நட்சத்திரம் இருக்கு, சுட்டுப் பொசுக்கறதுன்னு அர்த்தம். அது சூரியனோட சேந்து வந்தா வெயில் கொளுத்தும்னு நம்பினாங்க, நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரி. ஆர்க்டூரஸ், கரடிக்குக் காவல்காரன்." இது ஸ்கிரிப்டில் இந்த இடத்தில் இல்லை. இன்னும் என்ன இருக்கிறது? புரோக்யான், நாய்க்கு முன்னால் வருகிறவன். சொல்லியாயிற்று. ஒரு பெண் கொட்டாவி விடுவது கேட்கிறது. ஒருவர் இருமுகிறார். இருமல் ரகோத்தமனுடையதா? இருமலிலேயே ஒரு சந்தேகம் இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது, இருமலுக்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இனிமேல் தள்ள முடியாது. "இப்ப செவ்வாய். கிரேக்கர்கள் இதுக்கு வச்ச பேரு பிரோயிஸ். நெருப்பாட்டம் இருக்கறவன். பாத்தீங்கன்னாலே புரியும் ஏன் அப்படிப் பேர் வச்சாங்கன்னு." கை தானாக உயர்கிறது, மூன்று கை உயரம். மனசு 'இல்லை, இல்லை' என்கிறது, கை 'அடப் போ' என்கிறது. டார்ச்சை அமுக்குகிறேன். அம்பு எங்கேயோ விழுந்திருக்கிறது. "இதோ." யாரும் ஆங் என்று சொல்லவில்லை. சாதாரணமாக ஒரு நொடிக்குள் வந்துவிடும் அந்தச் சத்தம். இரண்டு நொடி. "எங்க மேடம்?" என்கிறது ஒரு பெண் குரல், வம்புக்கில்லை, நிஜமாகத் தேடுகிற குரல். இன்னொருத்தி, "அங்க ஒண்ணுமே இல்லியேடி." கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தலாமா? நகர்த்தினால் தேடுகிறேன் என்று தெரிந்துவிடும். அப்படியே வைத்திரு. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது. என் முழங்காலுக்குப் பக்கத்தில், கம்பிக்கு உள்ளே, இயந்திரத்தின் அடித்தட்டு முனகுகிறது. தட்டு திரும்பினால் வானம் மொத்தமும் திரும்பும். முனகல் நிற்கவில்லை. "ஐயோ, சுத்துது!" என்று கூடமே ஒரு சத்தம் போடுகிறது, "தலை சுத்துதுடி எனக்கு", சிரிப்பு, யாரோ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிற க்ரீச். முனகுகிறது, முனகுகிறது, பிறகு நிற்கிறது. "ஆங், வந்துடுச்சு! அம்புக்குக் கீழ வந்துடுச்சு மேடம்!" வந்துவிட்டது. அந்தப் பெண் வேறு வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாம், தெரியுது என்றோ பாத்துட்டேன் என்றோ. வந்துடுச்சு என்றாள். செவ்வாயை நான் காட்டவில்லை, என் அம்பு இருக்கும் இடத்துக்குச் செவ்வாயைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் பொன்னுரங்கம். இந்த முனகல் எனக்குப் புதிதில்லை. தினமும் கேட்கிறேன், நான் கை தூக்கினதும் இரண்டு நொடி, மூன்று நொடி, பழைய மெஷின் பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷம். நாலு தடவை கையால் பழகினது, பதினோரு அடி, பச்சைப் பெட்டி, என் ஞாபகசக்தி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனுஷர் இருட்டில் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். காதெல்லாம் சுடுகிறது. நன்றி என்றா தோன்றுகிறது எனக்கு? இல்லை. கோபம் வருகிறது. போய் அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போலிருக்கிறது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமே ஐயா, ஒரு வார்த்தை, டீ குடிக்கும்போதாவது.

"என்னது இது? செவ்வாய் வடக்குல இருக்கு?" ரகோத்தமன் எழுந்துவிட்டார், நாற்காலி மடங்கும் சத்தம். சுவரில் எட்டுத் திசைக்கும் எழுத்து ஒட்டியிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்கும். நான் வடக்கே காட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. "பொன்னுரங்கம், மெஷின்ல என்ன கோளாறு?" பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகக் காட்சிக்கு நடுவே பொன்னுரங்கத்தின் குரல் கேட்கிறது. "ஆமாங்க சார். தட்டு ஸ்லிப் ஆவுது. நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன்." எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். காலையிலிருந்து தயாராக வைத்திருந்த மாதிரி. "கவனிக்காம விட்டீங்களா? ஷோ முடிஞ்சதும் எழுத்துல குடுங்க எனக்கு." "சரிங்க சார்." அவ்வளவுதான். முடிந்துவிட்டது. தட்டு வழுக்கிற்று, பொன்னுரங்கம் எழுதிக் கொடுப்பார், நான் தப்பித்தேன். மேலே சொல்லு தமயந்தி, அடுத்தது வியாழன், உச்சிக்குப் பக்கத்தில், தலையைத் தூக்கிக் காட்டினால் போதும், அதற்குத் திசைகூட வேண்டாம். வாயைத் திறக்கிறேன். போன வருஷம் வந்த கடிதம் குறுக்கே நிற்கிறது. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், கட்டம் போட்ட தாளில், "அம்மையீர், தாங்கள் சனிக்கோளைக் காட்டிய திசையில் மூன்று நாள் மொட்டை மாடியில் காம்பஸ் வைத்துப் பார்த்தேன், இல்லை. என் பார்வையில் கோளாறா என்று கண் மருத்துவரையும் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். ஆபீஸில் அதைச் சத்தமாகப் படித்தேன், நான்தான் படித்தேன், குரலைக்கூட மாற்றிக் கிழவர் மாதிரிப் படித்தேன். எல்லோரும் சிரித்தோம். பொன்னுரங்கம் மட்டும் எழுந்து கையலம்பப் போனார். என் அம்பு இருக்கும் இடத்துக்கெல்லாம் வானத்தைத் திருப்பித் திருப்பி, ஐந்து வருஷமாக இந்த ஊருக்கு நாங்கள் இரண்டு பேரும் காட்டியது எந்த வானம்? எத்தனை பேர் மாடியில் நின்று தன் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள்? என் கண்ணைக் காப்பாற்ற அவர்கள் கண்ணைக் கெடுத்திருக்கிறேன். இது தெரிந்த பிறகு வியாழனை எப்படிக் காட்டுவது? சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். டிக்கெட் கிழிக்கிற ஸ்டூல்கூட இல்லாமல் போகலாம். தெருவில், பஸ்ஸில், பாவம் என்பார்கள். அந்தப் பாவம் என்கிற சொல்லுக்குப் பயந்துதானே அப்பா ஒழுக்கமானவராக இருந்தார். எனக்கும் அதே பயம்தான், வேறு ஒன்றும் பெரிய காரணம் இல்லை. மைக் உதட்டில் இடிக்கிறது. எப்போது இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்தேன்?

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. பொன்னுரங்கம் சார் மேல தப்பு இல்ல. எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது. அஞ்சு வருஷமா தெரியாது. நீங்க இப்ப பாக்கற எதையும் நான் பாக்கல. செவ்வாயை நான் தப்பான எடத்துல காட்டினேன். அவர் அதை அங்க கொண்டாந்து வச்சாரு. அது அதோட எடம் இல்ல."

என் குரல் கூரையிலிருந்து எனக்கே திரும்பி வந்து விழுகிறது, யாரோ வேறொருத்தி சொன்ன மாதிரி. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, தாகமாக இருக்கிறது. "பொன்னுரங்கம் சார், வானத்தைச் சரியான எடத்துக்குத் திருப்பிடுங்க." அவர் திருப்பவில்லை. "வேணாம்மா" என்கிறார் மெதுவாக. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை, மேடம்தான். "திருப்புங்க சார்." முனகல் ஆரம்பிக்கிறது. இந்தத் தடவை யாரும் கூச்சல் போடவில்லை. நான் டார்ச்சை அணைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் திரும்புகிறது! அவ்வளவு தப்பாகவா காட்டியிருந்தேன். நிற்கிறது. "நின்னுடுச்சு மேடம்" என்கிறாள் முன் வரிசையில் ஒருத்தி, முதலில் எங்கே மேடம் என்று கேட்ட அதே குரல். "உன் பேர் என்னம்மா?" "ஜெசிந்தா மேடம்." "ஜெசிந்தா, தென்கிழக்கு எழுத்துக்கு மேல சிவப்பா ஒண்ணு தெரியணும். இருக்கா?" கொஞ்ச நேரம் தேடுகிறாள். "ரெண்டு இருக்கு மேடம்." ரெண்டா? ரெண்டு எப்படி? இதைக்கூட என்னால்... பிறகு ஞாபகம் வந்தது. இது கண்ணில் இல்லை, பேரில் இருந்தது. "ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் காவல் மாதிரி குட்டி நட்சத்திரம் இருக்கா பாரு." "ஆமா மேடம், கீழ இருக்கறதுக்கு." "அதுதான் ஆன்ட்டாரிஸ். ஏரிஸுக்குப் போட்டி, செவ்வாய்க்கு எதிராளின்னு அர்த்தம். ரெண்டும் ஒரே நிறம், அவங்களும் இப்படித்தான் குழம்பிப்போயிருப்பாங்க, அதனாலதான் அந்தப் பேரு." இரண்டு பேர் ஓ என்கிறார்கள். "அப்ப மேல இருக்கறதுதான் செவ்வாய். எப்படிம்மா இருக்கு அது?" "சிவப்புன்னு சொல்ல முடியாது மேடம். காயத்துக்குப் போடுவோமே, டிஞ்சர் அயோடின், பஞ்சுல நனைச்சா ஒரு கலர் வருமே, அது." நாற்பது பெண்களும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு செவ்வாய் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, பஞ்சில் நனைத்த மாதிரி.

பின் வரிசையில் காலடிச் சத்தம். ரகோத்தமன் எழுந்து நின்றவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார், இப்போது நடக்கிறார். என்னை நோக்கியா? இல்லை, விலகிப் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, அவருடைய அடிகளையும் எண்ணுகிறேன், என்ன புத்தியோ. என்னமோ சொல்லப்போகிறார். தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்து, நாலு மணி வெயில் ஒரு பாளமாக உள்ளே விழுந்தது. அவர்களுக்கெல்லாம் வானம் போய்விட்டிருக்கும். எனக்கு அவர்கள் தெரிந்தார்கள். குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி வட்டமாக, வரிசையாக நீலச் சுடிதார்கள், ஒருத்தி கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறாள், ஒருத்தி இன்னும் வாயை மூடவில்லை, எல்லா முகமும் கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பயந்த அந்தப் பாவம் அதில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இருந்தது, சிலதில் இருந்தது.

"கதவைச் சாத்துங்க சார்!" என்று ஜெசிந்தா கத்தினாள். "மேடம் இன்னும் சொல்லி முடிக்கல!"

கதவு சாத்திக்கொண்டது. அவர் வெளியே போனாரா உள்ளேயே நின்றாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்தது வியாழன்" என்றேன்.